தாய்மாமன் இடுப்புக் கத்தி

பிரிக்பீல்ட்ஸ்
6 மே 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கச்சி லோகேஸ்வரி எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம், என் இடது ஆள்காட்டி விரலைத் தவிர. அங்கே உங்கள் முட்டிவலியும் அண்ணியின் சர்க்கரையும் எப்படி இருக்கின்றன?

கடிதத்தைப் பார்த்ததும் யாருக்கு என்ன ஆச்சோ என்று பயந்துவிடாதீர்கள். இது வாணி போட்ட சட்டம். "நீங்களும் மாமாவும் போன்ல பேசினா மூணாவது நிமிசம் சண்டை. எழுதுங்கம்மா. எழுத்துல குறுக்கப் பேச முடியாதுலா" என்கிறாள். அதனால் எழுதுகிறேன். அவள் நிச்சயதார்த்தத்தன்று நடந்ததைப் பற்றி ஒரு வரி எழுதமாட்டேன். தாய்மாமன் தட்டு எடுக்கிற நேரத்தில் தாய்மாமனைக் காணோம். சம்பந்தி வீட்டார் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள். சித்தப்பா மகன் விஜயனை இழுத்து வந்து நிற்க வைத்தோம். எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகு, "கார் கெட்டுப்போச்சு" என்று நீங்கள் வந்து நின்றீர்கள். பார்த்தீர்களா, எழுதமாட்டேன் என்று எழுதிவிட்டேன். விடுங்கள்.

விஷயம் கத்தி. நம் வேனில் நாள் முழுக்க எனக்குக் கத்தி வேண்டும். சாப்பாட்டுக் கடைகளுக்கு வாழையிலைக் கட்டு, கோயிலுக்குக் குருத்தோலை, மண்டபத்துக்கு வாழைமரம், எல்லாவற்றிலும் கட்டி அவிழ்க்கக் கயிறு. இத்தனை நாளாக மடக்குக் கத்திதான் வைத்திருந்தேன். போன வாரம் வாழைநாரை அழுத்தி அறுத்தபோது பூட்டு விட்டு, அது என் விரல் மேலேயே மடங்கிவிட்டது. மூன்று தையல்.

நீங்கள் முப்பது வருடமாக இடுப்பில் மடங்காத சின்னக் கத்தி வைத்திருக்கிறீர்கள். அந்த மாதிரி ஒன்றை நான் தினமும் இடுப்பில் வைத்துக்கொண்டு நடமாடலாமா? என் வீட்டுக்காரரை, உங்கள் மாப்பிள்ளையைத்தான், கேட்டால், "பொம்பள இடுப்புல சாவிக்கொத்து தொங்கலாம், கத்தி தொங்கலாமா" என்கிறார். அவர் இலைக்கட்டைப் பல்லால் அவிழ்க்கிற ஆள். நீங்கள் சொல்லுங்கள்.

அண்ணிக்கு என் அன்பு. பதில் போடவும்.

லோகு

*

கேரித் தீவு
13 மே 2024

பாசமுள்ள லோகுவுக்கு,

அண்ணன் திருச்செல்வம். முட்டிவலி மழை வந்தால் வருகிறது, மழை நின்றால் போகிறது. அண்ணி சர்க்கரை இல்லாமல் தேத்தண்ணி குடிக்கிறாள், என்னையும் அப்படியே குடிக்க வைக்கிறாள். உன் விரல் ஜாக்கிரதை. தண்ணீர் படாமல் பார்த்துக்கொள்.

கத்தி வேண்டாம்.

நான் வைத்திருந்தது தோட்டத்தில். செம்பனைக் காட்டில் நான் மண்டோர், ஆட்களை மேய்க்கிற கங்காணி. உரச்சாக்கு பிரிக்கணும், முள் குத்தினால் எடுக்கணும், குலைக்காம்பு சீவிப் பார்க்கணும். அங்கே கத்தி இல்லாதவனைத்தான் ஏற இறங்கப் பார்ப்பார்கள். உன் இடம் அப்படியா? ரயில் நிலையம், வங்கி, ஆஸ்பத்திரி என்று நாலு இடம் போகிறவள் நீ. இடுப்பில் கத்தியோடு ஒரு போலீஸ்காரர் கண்ணில் பட்டால் என்ன ஆகும் தெரியுமா? கூட்டிப்போய் ஒரு பச்சை பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார வைப்பார்கள். அதற்கு ஒரு கால் குட்டை. மூச்சு விட்டால் ஆடும். மின்விசிறி மேசைப் பக்கம் மட்டும் திரும்பும், உன் பக்கம் திரும்பாது. ஒருவர் மாற்றி ஒருவர் வந்து "இது எதுக்கு?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு அந்த இடத்தில் பதில் வராது.

கத்திரிக்கோல் வாங்கிக்கொள். வாணிக்கு மாமாவின் ஆசி.

அண்ணன்

*

பிரிக்பீல்ட்ஸ்
20 மே 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

தையல் பிரித்தாயிற்று. விரல் மடங்குகிறது. உங்கள் கடிதம் கிடைத்தது.

கத்திரிக்கோல் வாங்கினேன். சனிக்கிழமை கிள்ளானில் ஒரு மண்டபத்தில் வாழைமரம் கட்டினேன். மரத்தின் அடியைச் சீவக் கத்திரிக்கோல் எடுத்தபோது மண்டபத்துக் காவலாளி சிரித்தார். அண்ணே, வாழைமரம் என்ன ரவிக்கைத் துணியா? ஒரு கை மரத்தைப் பிடிக்கும், இன்னொரு கைதான் மிச்சம். கத்திரிக்கோலைத் திறந்து மூட வேண்டும். மடக்குக் கத்தியை விரிக்க இரண்டு கை வேண்டும். மடங்காத கத்தி என்றால் உருவினால் போதும். இது உங்களுக்கே தெரியும், தெரிந்தும் வேண்டாம் என்கிறீர்கள்.

இன்னொன்று. நாற்காலி பச்சை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? ஒரு கால் குட்டை என்று யார் சொன்னது?

அண்ணியைக் கேட்டதாகச் சொல்லவும்.

லோகு

*

கேரித் தீவு
3 ஜூன் 2024

பாசமுள்ள தங்கச்சிக்கு,

எல்லாரும் நலம். விரல் மடங்கியது கேட்டு சந்தோஷம்.

நாற்காலி விஷயம் எங்கள் டிவிஷனில் ஒருவன் சொன்னது. யார் என்பது இப்போது நினைவில்லை.

நீ கேட்டதை யோசித்தேன். கத்திரிக்கோல் என்று சொன்னது என் புத்திகெட்டத்தனம். வேலைக்கு மடங்காத கத்திதான் சரி. மடக்குவதற்கு மூட்டு இல்லை, அதனால் கெட்டுப்போவதற்கும் ஒன்றும் இல்லை. வாழைப்பால் ஒட்டினால் கழுவித் துடைத்தால் போதும். மடக்குக் கத்தியின் இடுக்கில் அந்தப் பால் காய்ந்துதான் உன் பூட்டு பிடிக்கவில்லை, நான் பந்தயம் கட்டுவேன்.

ஆனால் அளவு பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும். அலகு உன் நடுவிரல் நீளம் இருந்தால் போதும், மூன்று அங்குலம். அதற்கு மேல் போனால் அது கருவி இல்லை, பயமுறுத்துகிற சாமான். முதுகு தடிப்பாக இருக்கட்டும். பிடி உள்ளங்கையை நிறைக்கணும், ஈரக்கையில் வழுக்கக்கூடாது. உறைதான் முக்கியம். தலைகீழாகக் கவிழ்த்து உதறினாலும் கத்தி விழக்கூடாது. விழுந்தால் அது உன் தொடையில்தான் விழும். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிடாதே, எங்கேயாவது மாட்டும். முதுகுப் பக்கமும் வேண்டாம், வேனில் உட்கார்ந்தால் குத்தும். கையால் கொடுத்து வாங்காதே, கீழே வைத்து எடுக்கச் சொல். கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும் என்று அம்மா சொன்னது நினைவிருக்கட்டும்.

இவ்வளவு எழுதினேன் என்பதற்காகச் சரி என்று சொன்னதாக அர்த்தமில்லை.

அண்ணன்

*

பிரிக்பீல்ட்ஸ்
9 ஜூன் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். உங்கள் சுகம் அறிய ஆசை.

கத்தி வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்தேன். உடைந்த கரண்டிக்காம்பு ஒன்றைக் கத்தி நீளத்துக்கு வெட்டி, நாலு நாள் இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தேன். இலை ஏற்றும்போது, இறக்கும்போது, பாசார் சந்தையில் குருத்தோலை பொறுக்கும்போது, கை எத்தனை தடவை அங்கே போனது என்று எண்ணினேன். ஒரு நாளைக்கு இருபது தடவைக்குக் குறையவில்லை. வலது பக்கம் வைத்தால் வேன் பெல்ட் அழுத்துகிறது, இடது பக்கம் சாய்த்து வைத்தால் தெரியவே இல்லை. வேலையில் இவ்வளவு வசதியா என்று எனக்கே ஆச்சரியம்.

வேலை இல்லாத இடத்தில்தான் கோளாறு. வங்கியில் வரிசையில் நின்றபோது காவலாளி என் இடுப்பையே பார்த்தார். உருவிக் காட்டினேன், கரண்டி. வாணியோடு கல்யாணப் புடவை எடுக்கப் போனபோது அதே கரண்டியோடு போய்விட்டேன். "அம்மா, நீங்க சண்டைக்குப் போறீங்களா, புடவைக்கு வரீங்களா" என்று கேட்டாள். கழற்றி வைக்க மறந்துவிடுகிறது அண்ணே. அதுதான் எனக்கு யோசனை.

புடவை என்றதும் இதையும் எழுதிவிடுகிறேன். கல்யாணம் செப்டம்பர் பதினைந்து, ஞாயிறு, இங்கே பிரிக்பீல்ட்ஸ் மண்டபத்தில். தாய்மாமன் மாலைக்கு விஜயனிடம் சொல்லி வைக்கட்டுமா என்று உங்கள் மாப்பிள்ளை கேட்கிறார். "உங்கண்ணன் கார் அன்னைக்கும் கெட்டுப்போச்சுன்னா?" என்கிறார். எனக்குக் கூடப் பிறந்தவர் நீங்கள் ஒருவர்தான். வாணியின் காது குத்துக்கு அவளை மடியில் வைத்துக்கொண்டு அவளைவிட அதிகமாக அழுதவர் நீங்கள். நீங்கள் சொன்ன பிறகு சொல்கிறேன் என்று இருக்கிறேன்.

லோகு

*

பிரிக்பீல்ட்ஸ்
8 ஜூலை 2024

அண்ணனுக்கு,

எல்லாரும் நலம். ஒரு மாதமாகிவிட்டது. பத்திரிகை அடிக்கக் கொடுக்க வேண்டும். உங்களுக்குக் கல்யாணத்தைப் பற்றி எழுத மனமில்லை என்றால் கத்தியைப் பற்றியாவது இரண்டு வரி எழுதுங்கள். உங்கள் கையெழுத்தைப் பார்த்தால் போதும்.

லோகு

*

கேரித் தீவு
14 ஜூலை 2024

அன்பு லோகுவுக்கு,

அண்ணி புஷ்பவல்லி எழுதிக்கொள்வது. நான் கடிதம் எழுதி இருபது வருடம் இருக்கும், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது.

உன் அண்ணன் உனக்கு நாலு கடிதம் எழுதி நாலையும் கிழித்துவிட்டார். சாயங்காலமானால் பின்பக்கக் கொட்டகையில் உட்கார்ந்து எதையோ தேய்த்துக்கொண்டிருக்கிறார். கேட்டால், "ஒண்ணுமில்லைலா" என்கிறார். எனக்கு இரண்டு விஷயம் புரியவில்லை, உன்னிடம் சொல்கிறேன். அன்றைக்குக் கார் கெட்டுப்போச்சு என்று என்னிடமும் சொன்னார். நான்தான் முந்தின நாளே உன் வீட்டில் இருந்தேனே. ராத்திரி திரும்பும்போது கார் கிள்ளான் ரயில் நிலையத்தில் நின்றது. சாவியைத் திருகினார், முதல் தடவையிலேயே கிளம்பியது. இரண்டாவது, அன்றிலிருந்து அவர் இடுப்பில் அந்தக் கத்தியைக் காணோம். எங்கேயோ வைத்துவிட்டேன் என்கிறார். குளிக்கும்போதுகூட கைக்கெட்டும் தூரத்தில் வைப்பவர் எங்கே வைத்திருப்பார்?

நான் எழுதியதாகச் சொல்லாதே. இல்லை, சொல். இப்படியே எத்தனை நாள் இருப்பார்.

புஷ்பவல்லி

*

பிரிக்பீல்ட்ஸ்
17 ஜூலை 2024

அண்ணனுக்கு,

நலம். ஒரே ஒரு கேள்வி. அந்தப் பச்சை நாற்காலியில் உட்கார்ந்தது நீங்களா?

லோகு

*

கேரித் தீவு
22 ஜூலை 2024

பாசமுள்ள லோகுவுக்கு,

ஆமாம்.

இனி மறைத்துப் பிரயோஜனமில்லை. அன்றைக்கு விடியற்காலையில் எழுந்து குளித்தேன். பட்டு வேட்டி கட்டினேன், பெல்ட் போட்டேன். முப்பது வருடமாக பெல்ட் போட்டதும் என் கை அடுத்து எடுப்பது கத்தியைத்தான். அன்றைக்கும் எடுத்திருக்கிறது. மேலே ஜிப்பா போட்டதும் எனக்கே தெரியவில்லை. பிரிக்பீல்ட்ஸில் கார் நிறுத்த இடம் கிடைக்காது என்று கிள்ளானில் விட்டுவிட்டு ரயிலேறினேன். மடியில் சீர்த்தட்டு. ஆப்பிள், ஆரஞ்சு, வாழைப்பழம், வாணிக்குப் புடவை. இறங்குகிற இடத்தில் நல்ல கூட்டம். தட்டை யாரும் இடிக்கக்கூடாது என்று இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தேன். தட்டோடு ஜிப்பாவும் மேலே போய்விட்டது. எதிரே ஒரு இளம் போலீஸ்காரர்.

அவர் மேல் குற்றம் இல்லை. மரியாதையாகத்தான் கேட்டார். "அங்கிள், இது எதுக்கு?" வேலைக்கு என்றேன். "இன்னைக்கு என்ன வேலை?" மருமகள் நிச்சயதார்த்தம் என்றேன். "அதுக்குக் கத்தி எதுக்கு?" லோகு, அதற்கு நான் என்ன சொல்வது? நான்தான் பெண்ணின் தாய்மாமன் என்று மலாய் மொழியில் விளக்கினேன். விளக்க விளக்க அது இன்னும் மோசமாகக் கேட்டது. தோட்டத்துக் கிராணிக்கு, எங்கள் ஆபீஸ் கணக்குப்பிள்ளைக்கு, போன் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை, அவர் மீன் பிடிக்கப் போயிருந்தார். அவர் போனை எடுத்து, ஆமாம் இவர் எங்கள் மண்டோர், இது வேலைக் கத்தி என்று சொல்லும்வரை நான் அந்த ஆடுகிற நாற்காலியில், சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குடிக்க மைலோ வாங்கிக் கொடுத்தார்கள். கத்தியை எடுத்துக்கொண்டு என்னை அனுப்பினார்கள்.

போனை எடுத்து உன் பேர்வரைக்கும் போனேன். அழுத்தவில்லை. சம்பந்தி வீட்டார் உன் பக்கத்தில் நிற்பார்கள். பெண்ணின் தாய்மாமனைக் கத்தியோடு போலீஸ் பிடித்து வைத்திருக்கிறது என்று கேட்டால் உன் முகம் என்ன ஆகும்? வாணிக்கு அமைந்த நல்ல இடம், என்னால் கெடக்கூடாது. கார் கெட்டுப்போச்சு என்று வந்துவிட்டது வாயில். அப்புறம் நீ போனில் கத்தினாய், நானும் கத்தினேன். கத்தும்போது எப்படி உண்மையைச் சொல்வது?

விஜயனையே நிற்கச் சொல். அவன் நேரத்துக்கு வருவான். எனக்கு மண்டபத்தில் ஒரு ஓரத்தில் நாற்காலி இருந்தால் போதும். பச்சையாக இல்லாமல் இருந்தால் நல்லது.

அண்ணன்

*

பிரிக்பீல்ட்ஸ்
29 ஜூலை 2024

அன்புள்ள என் அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தை வேனில் உட்கார்ந்து படித்தேன். சீர்த்தட்டைத் தலைக்கு மேலே தூக்கிய இடத்தில் சிரிக்க ஆரம்பித்தவள், என் பேர்வரைக்கும் போய் அழுத்தாமல் விட்ட இடத்தில் அழுதுவிட்டேன். இலைக்கு வந்த கடைக்காரர், "யக்கா, என்ன ஆச்சு" என்று கேட்டார். என் அண்ணன் ஒரு மடையன் என்றேன்.

அண்ணே, ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நிச்சயதார்த்தத்தை நிறுத்தி வைத்துவிட்டு நானே ஓடி வந்திருப்பேன். ஐந்து நிமிட நடை. உங்களை அந்த நாற்காலியில் விட்டுவிட்டு இங்கே நான் உங்களைத் திட்டிக்கொண்டு கேசரி பரிமாறியிருக்கிறேன். அதை நினைத்தால்தான் எனக்குத் தாங்கவில்லை.

விஜயனிடம் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். பத்திரிகையில் தாய்மாமன் திருச்செல்வம் என்று அடித்தாயிற்று. உங்கள் மாப்பிள்ளையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கடிதத்தையும் வாங்கிப் படித்தார். பிறகு, "முந்தின நாளே வந்து நம்ம வீட்டில படுத்துக்கச் சொல்லு. மச்சான் இடுப்பை நானே தடவிப் பார்த்து மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

கத்தி விஷயத்தில் முடிவுக்கு வந்துவிட்டேன். மடங்காத சின்னக் கத்திதான் வேண்டும். ஆனால் நாளெல்லாம் இல்லை. வேலை நடக்கிற இடத்தில் இடுப்பில், வேலை முடிந்ததும் வேனில் சாமான் பெட்டிக்குள். வங்கி, ரயில், விசேஷம் எதற்கும் என்னோடு வராது. எதுக்கு என்று கேட்டால் பக்கத்திலேயே வாழைமரம் நிற்க வேண்டும். சரிதானே?

லோகு

*

கேரித் தீவு
12 ஆகஸ்ட் 2024

பாசமுள்ள லோகுவுக்கு,

நலம். சரி. நூற்றுக்கு நூறு சரி.

அடுத்த வாரம் அண்ணி புடவை எடுக்கக் கிள்ளான் வருகிறாள், நீயும் கடைக்கு வா. அவளிடம் ஒரு பொட்டலம் கொடுத்துவிடுகிறேன். தேய்ந்துபோன அறுவடை அரிவாளின் துண்டைத் தேய்த்துச் செய்தது. உன் நடுவிரல் நீளம். உன் கை எனக்குத் தெரியும் என்பதால் அளவு கேட்கவில்லை. உறை பிளாஸ்டிக் தண்ணீர்க்குழாய்த் துண்டைச் சூடுகாட்டித் தட்டையாக்கியது. கவிழ்த்து உதறிப் பார்த்துவிட்டேன், விழவில்லை. வாரம் ஒரு தடவை தேங்காயெண்ணெய் தடவு. அண்ணி கையிலிருந்து வாங்காதே, கடை மேசையில் வைக்கச் சொல்லியிருக்கிறேன், அங்கிருந்து எடுத்துக்கொள். எனக்கென்று இன்னும் செய்யவில்லை. கல்யாணம் முடியட்டும்.

சனிக்கிழமை பகலிலேயே வந்துவிடுகிறேன். மாப்பிள்ளையை நன்றாகத் தடவிப் பார்க்கச் சொல்.

அண்ணன்

*

பிரிக்பீல்ட்ஸ்
18 செப்டம்பர் 2024

அன்புள்ள அண்ணனுக்கு,

வாணியும் புதுமாப்பிள்ளையும் மறுவீட்டு விருந்துக்குப் போயிருக்கிறார்கள். வீடு காலி. உடம்பெல்லாம் வலி. நீங்கள் நல்லபடியாகத் தீவு போய்ச் சேர்ந்ததாக அண்ணி சொன்னாள்.

நடந்ததை நீங்கள் பார்த்தீர்கள்தான், ஆனாலும் என் பக்கத்து நியாயத்தை எழுதிவிட வேண்டும். அன்றைக்கு விடியும் முன்னே மண்டபத்து வாசலில் வாழைமரம் கட்டினேன். என் மகள் கல்யாணத்துக்கு வேறு யார் கட்டுவது? கட்டி முடித்து, அவசர அவசரமாகப் பட்டுப்புடவை சுற்றிக்கொண்டு மேடைக்கு ஓடினேன். தாய்மாமன் மாலை வந்த கூடையை ராபியா பிளாஸ்டிக் கயிறு போட்டு யாரோ ஜென்மத்துக்கும் அவிழ்க்க முடியாதபடி கட்டியிருந்தார்கள். ஐயர் "நேரமாகுது, நேரமாகுது" என்கிறார். நீங்கள் இடுப்புக்குக் கையைக் கொண்டுபோனீர்கள். வெறும் இடுப்பு. உங்கள் முகம் வாடிய வாட்டத்தைப் பார்த்தேன். "யார்கிட்டயாவது கத்தி இருக்கா" என்று உங்கள் மாப்பிள்ளை கத்துகிறார். என் கை தானாக இடுப்புக்குப் போனது.

இருந்தது அண்ணே. பட்டுப்புடவைக்குள்ளே, இடது பக்கம் சாய்த்து. கழற்றி வைக்க மறந்துவிட்டேன். விசேஷத்துக்கு என்னோடு வராது என்று உங்களுக்கு எழுதியவள் நான், மாதக்கணக்கில் உங்களைத் திட்டியவளும் நான். சம்பந்தியம்மா முன்னால் பெண்ணின் அம்மா கத்தியை உருவுகிறாள். அவர் ஒரு அடி பின்னால் போனதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன்.

கீழே வைக்க நேரமில்லை, நேராக உங்கள் கையில் நீட்டினேன். அண்ணி பதறிப்போய், "கையில குடுக்காத, சண்டை வரும்" என்று கூவினாள். நீங்கள் சிரித்துக்கொண்டே, "குடுலா. எங்களுக்குச் சண்டை புதுசா?" என்று வாங்கிக் கயிற்றை ஒரே இழுப்பில் அறுத்தீர்கள். வாணி கழுத்தில் மாலை போட்டீர்கள். அவள் காது குத்தின நாள் மாதிரியே அழுதீர்கள், நானும்தான்.

கைக்குக் கை கத்தி மாறி மூன்று நாளாகிவிட்டது. இன்னும் சண்டை வரவில்லை, எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. கடிதத்தில் எப்படிச் சண்டை வரும்? வாணி இப்போது இன்னொரு வீட்டுக்காரி, அவள் சட்டம் இங்கே செல்லாது. ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குப் போன் அடிக்கிறேன். மூன்றாவது நிமிடம் வைத்துவிட்டீர்கள் என்றால் நாலாவது நிமிடம் திரும்ப அடிப்பேன். எடுங்கள்.

உங்கள் தங்கச்சி
லோகு